பத்தரை மணிச் சத்தியம்

இரவு பத்தரைக்கு அவர்கள் நாட்டில் நண்பகல்.
உப்புவெளி வீட்டு மேல்மாடியில்
கதிரைக்கு மேல் கதிரை வைத்து
மடிக்கணினியை ஏற்றியிருந்தார்கள்.
கச்சான் காற்று கதவை அடித்துக்கொண்டே இருந்தது.
தன் சப்பாத்தைக் கழற்றி முட்டுக் கொடுத்தான் ரொட்ரிகோ.

திமிங்கிலம் எண்ண வந்தவர்கள்,
நாலு மாதமாய் என் வாடகைக்காரர்.
கடலுக்குப் போகாத நாள்களில்
என் குசினியில் நின்று
சூரைமீனுக்குத் தேசிக்காய் போதாதென்று வழக்குப் பேசுகிறவர்கள்.
யெசேனியா அன்று என் சேலையைக் கட்டியிருந்தாள்,
கொய்யகம் எந்தப் பக்கம் வருமென்று தெரியாமல்.
படகோட்டி றிஸ்மி கிண்ணியாவிலிருந்து
ஒரு சட்டி தயிர் கொண்டுவந்தான்.
"ஜனாதிபதிக்கு" என்றான்.

திரையில் ஒரு பெண்.
முன்னொரு காலம் துறைமுகத்தில் கணக்கெழுதினவளாம்.
கையை உயர்த்தினாள்.
கிளாசில் ஐஸ் அசைகிற சத்தமும் நின்றது.

எனக்கு அந்த மொழி தெரியாது.
ஆனால் சத்தியம் என் தொழில்.
நீதிமன்றத்துக்கு எதிரே பத்தொன்பது வருசமாய்ச்
சத்தியக்கடதாசி அடிக்கிறேன்.
பயபக்தியுடனும் நேர்மையாகவும் உண்மையாகவும்:
கண்ணை மூடினாலும் விரலுக்கு வரும் மூன்று சொல்.
தொலைந்த அடையாள அட்டை, எரிந்த உறுதி,
பெயரில் ஓர் எழுத்துப் பிழை;
பிறகு, மெதுவாக, கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு,
கடைசியாகக் கண்ட திகதி.

அதனால் நான் பார்த்தது வேறு.
முத்திரை ஒட்ட இடம் விட்டிருக்கிறதா,
வெட்டித் திருத்தின இடத்தில் சுருக்கொப்பம் உண்டா,
சாட்சி ஆர்?
யெசேனியாவிடம் கேட்டேன்.
சிரித்துச் சிரித்து மற்றவர்களுக்குச் சொன்னாள்.
அந்நேரம் கமரா சனத்தின் பக்கம் திரும்பியது.
முன்வரிசையில் ஒரு பொடியன்,
கழுத்துப்பட்டி இறுக்க,
வாய் பிளந்து கொட்டாவி விட்டான்.
சாட்சி அவன்தான் என்று வைத்துக்கொண்டேன்.
அவன்தானே கனகாலம் இருக்கவேண்டியவன்.

பிறகு அவளுக்குக் குரல் உடைந்தது.
ஒரு சொல்லில். எந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை.
மூன்று வினாடி. தண்ணீர் குடித்தாள். தொடர்ந்தாள்.
என் மேசையில் அந்த இடைவெளி
சில நாள் அரை மணித்தியாலம்.
விசைகளுக்கு மேலே கை நிற்க
சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
அவசரப்படுத்தினால்
எல்லாம் திரும்ப முதலிலிருந்து வரும்.

நான் நிமிர்ந்தபோது
அழுதுகொண்டே ஆடினார்கள்.
ரொட்ரிகோ என்னையும் இழுத்தான்.
"உங்கள் நாட்டிலும் இப்படித்தானா?"

பதவியேற்பு நாள்களில் நான்
மண்ணெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்,
பாண் இரண்டு இறாத்தல் கூட.
மகளை ரியூசனுக்குப் போகாமல் மறித்திருக்கிறேன்.
"காற்றுச் சத்தம், கேட்கவில்லை" என்றேன்.
ஆடினேன்.
இன்னொருத்தியின் நாட்டுக்கு ஆடுவது
கால்களுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

றிஸ்மி சீனவெடி கொளுத்தினான்.
பக்கத்து வளவில் லைற் எரிந்தது.
"எங்க எலெக்சன்?" மதிலுக்கு மேலால் ஒரு குரல்.
"இங்க இல்ல அண்ணை, படுங்கோ."
நாய்கள்தான் வெகுநேரம் நம்பவில்லை.

காலை எட்டரைக்கு
மிஞ்சின கேக்கோடு கந்தோருக்குப் போனேன்.
வாசலில் ஒரு மான்
ஆரோ எறிந்த விண்ணப்பப் படிவத்தை மென்றுகொண்டு நின்றது.
தம்பலகாமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்,
வயற்காணி உறுதி தொலைந்த விசயம்.
ஒரு துண்டு கொடுத்தேன்.
"என்ன விசேசம்?"
"ஒரு நாட்டுக்குப் புது ஆள்."
"எந்த நாடு?"
சொன்னேன். விளங்கவில்லை அவருக்கு.
"ஆரெண்டாலும் நல்லா இருக்கட்டும்" என்று
விரலை வேட்டியில் துடைத்தார்.

பட்டர் போகவில்லை.
மையில் தோய்ந்த பெருவிரல் தாளில் பிடிக்காமல்
ஒரு வழுக்கல் மட்டும் விழுந்தது.
விரலுக்குச் சவர்க்காரம் கொடுத்துவிட்டு
புதுத் தாள் போட்டேன்,
முதலாம் வரியிலிருந்து.